மேகியின் புகைப்படங்கள் எங்கே?

எழுநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கொண்ட 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் நான் முழுதாகப் பார்த்தவை நூறைத் தாண்டாது. ஆனால் ஓர் அத்தியாயத்தை மட்டும் 2004-இல் கல்லூரி விடுதியில் முதன்முதலாகப் பார்த்ததிலிருந்து இன்றுவரை இருபது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஆறாவது சீசனில் 13-ஆவதாக வரும் 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ'. ஜெனிஃபர் கிரிட்டன்டன் எழுதி, 1995 ஜனவரி 22 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், இருபத்திரண்டு நிமிடம்தான்.

சிம்ப்சன் குடும்பம் ஆல்பம் புரட்டுகிறது. மூத்த பிள்ளைகள் பார்ட்டும் லிசாவும் குழந்தைகளாக இருந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றன. கைக்குழந்தை மேகியின் படம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று பிள்ளைகள் கேட்க, அப்பா ஹோமர் கதை சொல்லத் தொடங்குகிறான். 1993-இல் அவன் அணுமின் நிலைய வேலையை அடியோடு வெறுத்துக் கிடக்கிறான். கடன்கள் அடைந்து முடிந்த நாளில் முதலாளி பர்ன்ஸின் வழுக்கைத் தலையில் தாளம் போட்டுவிட்டு, கடந்து வந்த பாலத்தையும் கொளுத்திவிட்டு வெளியேறுகிறான். போய்ச் சேர்வது ஒரு பௌலிங் கூடத்தில். சம்பளம் குறைவு. ஆனால் அவன் ஆசைப்பட்டது அந்த வேலைக்குத்தான்.

அந்த ஆசை எவ்வளவு சின்னது என்பதுதான் முதல் தடவையே என்னைப் பிடித்து நிறுத்தியது. ஹோமர் கோடீஸ்வரனாக விரும்பவில்லை, பாடகனாகவோ விளையாட்டு வீரனாகவோ விரும்பவில்லை. பந்து உருண்டு கட்டைகள் சாயும் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்க இருந்தால் போதும் என்கிறான். அதுவும் கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகுதான் மனைவி மார்ஜ் கர்ப்பமாகிறாள்.

கல்லூரி நாட்களில் இதற்கடுத்த பகுதியை வயிறு வலிக்கச் சிரித்துப் பார்த்தேன். மார்ஜின் சகோதரிகள் ஊர் முழுக்கத் தொலைபேசியில் செய்தியைப் பரப்பிவிடுகிறார்கள். ஹோமருக்கு மட்டும் தெரியாது. எதிரே வருகிறவர்கள் குழந்தைக்காக வாழ்த்த, புது வேலைக்கான வாழ்த்து என்றே எடுத்துக்கொள்கிறான். கடைசியில் ஒருவர் உண்மையிலேயே புது வேலைக்கு வாழ்த்துச் சொன்னதும்தான் அவனுக்கு உறைக்கிறது: மார்ஜ் கர்ப்பமா!

பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு அந்தப் பகுதியில் என் கண் மார்ஜ் மேல்தான் நிற்கிறது. அவள் தன்னுடைய சந்தோஷச் செய்தியை விழுங்கிக்கொண்டு திரிகிறாள். சொன்னால் அவனுடைய சந்தோஷம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நான் கருவுற்றிருந்தபோது ஒரு தடவை பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. கணவனின் நல்ல காலம் இன்னும் நாலு நாள் நீடிக்கட்டும் என்று ஒரு பெண் வாயை மூடிக்கொண்டிருப்பது சிறிய காரியம் இல்லை. எழுத்தாளர் அதற்கென்று தனியாக ஒரு வசனமும் வைக்கவில்லை. வைக்காததுதான் சரி.

பணக்கணக்கு இந்தத் தொடருக்குப் புதிதல்ல. பழைய தொடக்கக் காட்சியில் பல்பொருள் அங்காடிக்காரர் மேகியையும் சாமான்களோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட, 847.63 டாலர் என்று காட்டும். ஒரு குழந்தையை வளர்க்க அன்று மாதம் ஆகும் செலவு அது என்று சொல்வார்கள். கண் இமைப்பதற்குள் ஓடிவிடும் அந்த எண்தான் இங்கே முழுக் கதையாக விரிகிறது. பௌலிங் கூடத்துச் சம்பளத்தில் மூன்றாவது குழந்தை கட்டுப்படியாகாது. ஆகவே ஹோமர் திரும்பிப் போகிறான். அணுமின் நிலையத்தில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு கதவு. மன்றாடுபவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கதவு. முழங்காலிட்டுத்தான் நுழைய முடியும். அதில் நுழைகிறான். பர்ன்ஸ் வேலையைத் திருப்பிக் கொடுத்து, அவன் கண்ணெதிரே ஒரு பலகையையும் மாட்டி வைக்கிறார்: "டோன்ட் ஃபர்கெட், யூ ஆர் ஹியர் ஃபாரெவர்". மறந்துவிடாதே, நீ என்றென்றும் இங்கேதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வரும் பேசும் படகு, ஓர் அமெரிக்கத் தொடரில் வரும் பேசும் காரைப் பகடி செய்வது. அதேபோல ஹோமர் உற்சாகத்தில் பௌலிங் பந்தைத் தூக்கி எறியும் இடம், அமெரிக்க நடிகை மேரி டைலர் மூர் தன் தொலைக்காட்சித் தொடரில் தொப்பியை வானில் எறியும் புகழ்பெற்ற காட்சியின் எதிரொலி. எனக்கு இவை விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. வாடிக்கையாளரை இழுக்க ஹோமர் கூடத்துக்கு வெளியே நின்று துப்பாக்கியால் வானில் சுடும் நகைச்சுவையை இன்று என்னால் ரசிக்க முடியவில்லை.

ஆனால் கடைசிக் காட்சிக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மேகியின் படங்கள் எங்கே என்ற கேள்விக்கு, தனக்கு உற்சாகம் மிகவும் தேவைப்படும் இடத்தில் அவற்றை வைத்திருப்பதாக ஹோமர் பதில் சொல்கிறான். காட்சி அவனுடைய பணியிடத்துக்கு மாறுகிறது. அந்தப் பலகையைச் சுற்றிலும் மேலுமாக மேகியின் படங்கள். படங்கள் மறைத்ததுபோக மிஞ்சிய எழுத்துகள் "டூ இட் ஃபார் ஹர்" என்று நிற்கின்றன. அவளுக்காகச் செய்.

பலமுறை நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறேன். பர்ன்ஸின் வாசகத்தில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தே கிடையாது. 'டோன்ட்' என்ற சொல்லில் உள்ள 'என்' எழுத்தை ஒரு படம் மறைக்க, அதன் ஒற்றைக் கால் மட்டும் வெளியே தெரிகிறது. அந்தக் கால்தான் 'ஐ' ஆகிறது. 'ஃபர்கெட்' பாதி மறைந்து 'ஃபார்' ஆகிறது. 'ஹியர்' ஓர் எழுத்தை இழந்து 'ஹர்' ஆகிறது. இதைத் தமிழில் கொண்டுவர முயன்று பார்த்தேன், நடக்கவில்லை. ஹோமர் பலகையைக் கழற்றவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அது அங்கேயேதான் இருக்கிறது. படங்கள் உதிர்ந்தால் பழைய வாசகம் திரும்பிவிடும்.

என் அப்பா முப்பத்தொரு வருடம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினார். அதற்கு முன்பு ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றில் இருந்தாராம். நான் பிறந்த வருடம் அதை விட்டிருக்கிறார். இதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு முருகன் படம், விடுமுறைப் பட்டியல், இரட்டைச் சடையுடன் என் மூன்றாம் வகுப்புப் படம். ஓய்வு பெற்ற நாளில் அந்தப் படத்தை எடுக்க முயன்றோம். எத்தனையோ வருடத் தேநீர்க் கசிவில் அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஓரத்தை நெம்பியதும் சடை ரிப்பனின் சிவப்பு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. "இழுக்காதே, கிழிந்துவிடும்" என்றார் அப்பா. அலுவலகத்தில் கேட்டு, கண்ணாடியையே துணியில் சுற்றி ஆட்டோவில் வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

சென்ற மாதம் இந்த அத்தியாயத்தை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரியும். பலகை வந்ததும் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். தெரிகிறது என்று கையைக் காட்டினார்.