கிரீன் கார்டைப் புதுப்பிப்பதா, சிட்டிசன் ஆகிவிடுவதா?

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் என் கிரீன் கார்டு காலாவதியாக ஆறு மாதம் இருந்தபோது நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆன்லைனில் கார்டைப் புதுப்பிக்கும் ஐ-90 படிவம் போட 415 டாலர், குடியுரிமை கேட்கும் என்-400 படிவம் போட 710 டாலர். கார்டு என்றால் பத்து வருஷம் கழித்து மறுபடியும் இதே வேலை. ஓட்டு, பாஸ்போர்ட் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சிட்டிசன்ஷிப் பக்கம் சாய்ந்தது ஒரே காரணத்துக்காக: நாடு கடத்தல்.

வாசலில் குடியேற்ற அதிகாரிகள் வந்து நின்றால் கார்டுக்காரர், சிட்டிசன் இருவர் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பேசாமல் இருக்கலாம், நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லையென்றால் கதவைத் திறக்க வேண்டியதில்லை. எல்லோரையும் சட்டப்படி சமமாக நடத்தச் சொல்லும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தத்தின் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் இக் வோ வழக்கில் 1886-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் 18 வயதான கார்டுக்காரர் அந்த அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும், வீடு மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். சிட்டிசனுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

உண்மையான பள்ளம் குடியேற்ற நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் நாடு கடத்தல் தண்டனையே அல்ல, சிவில் நடவடிக்கை. அதனால் அரசு செலவில் வக்கீல் கிடையாது; காசு இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். சில குற்றங்களுக்கு ஜாமீன் கேட்கவே வழியில்லை. நாடு கடத்தலுக்குரிய குற்றங்களின் பட்டியலை 1996-ல் வந்த குடியேற்றச் சட்டம் நன்றாகவே நீட்டிவிட்டது. திருட்டு வழக்கில் ஓராண்டு தண்டனை விதித்து, நீதிபதி அதை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் ஓராண்டு ஓராண்டுதான், அது அந்தப் பட்டியலில் வந்துவிடும். ஒரே கடை, ஒரே திருட்டு, ஒரே தீர்ப்பு: சிட்டிசனுக்கு அத்தோடு முடிந்தது. கார்டுக்காரருக்கு அது பதினைந்து வருஷம் கழித்து விமான நிலையத்தில் முளைக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இப்படி ஆகும் என்று வக்கீல் எச்சரித்தாக வேண்டும் என 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் படில்லா வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே வழக்கு முடிந்தவர்களுக்கு அது செல்லாது என்று 2013-ல் சொல்லிவிட்டார்கள்.

குடியுரிமையும் அசைக்கவே முடியாததல்ல. விண்ணப்பத்தில் பொய் சொல்லி வாங்கியிருந்தால் பறிக்கலாம். ஆனால் அதற்கு அரசு ஃபெடரல் நீதிமன்றம் ஏறி நிரூபிக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தது எனக்கு வலித்தது. வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது, ஆனால் அதை வைத்து விவசாய நிலம் வாங்க முடியாது.

என் ஃபைலில் ஸ்பீடிங் டிக்கெட் தவிர ஒன்றுமில்லை, எனவே எனக்கு எளிதாக முடிந்தது. பழைய கேஸ் இருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது. என்-400 போட்டால் மொத்த ஃபைலையும் புரட்டுவார்கள். கோர்ட் காகிதங்களோடு முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால், கார்டை மட்டும் புதுப்பிக்கவும் அவரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள். அங்கேயும் கைரேகை எடுப்பார்கள், பழைய கேஸ் அதில் தெரிந்துவிடலாம்.