எல்லாருக்கும் மணக்கிறது, எனக்கு மட்டும் இல்லை

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தோழி பக்கத்தில் வந்து நின்று முகர்ந்து பார்த்தாள். "இன்னும் அதே சென்ட்தானாடி? நல்லா இருக்கே, நானும் வாங்கலாமா?" என்றாள். மணி அப்போது ஒன்றேகால். நான் அதை அடித்துக்கொண்டது காலை ஏழே முக்காலுக்கு. "உனக்கு இப்பவும் வாசனை வருதா?" என்று திருப்பிக் கேட்டேன். எனக்கு அது எட்டேகாலுக்கே போய்விட்டது. தினமும் அப்படித்தான் போகிறது, இரண்டரை வருஷமாக.

சென்ட் எது என்று சொல்லிவிடுகிறேன். வெர்சாசே என்கிற இத்தாலிய நிறுவனத்தின் பிரைட் கிரிஸ்டல், ஓ டி ட்வாலெட் வகை, அதாவது அடர்த்தி குறைந்தது. 2006இல் வந்தது. இளஞ்சிவப்புத் திரவம், தலையில் பட்டை தீட்டிய கல் மாதிரி ஒரு பெரிய மூடி. கடைகளில் கண்ணில் பட்டிருக்கும். உருவாக்கியவர் அல்பெர்த்தோ மோரியாஸ், 1994இல் வந்த சிகே ஒன் சென்ட்டுக்குப் பின்னால் இருந்த இருவரில் ஒருவர். யூசு என்கிற எலுமிச்சை இனப் பழம், மாதுளை, பியோனி, மேக்னோலியா, தாமரை, கடைசியில் கஸ்தூரியும் ஆம்பரும் என்பது அவர்கள் தரும் பட்டியல்.

இந்தப் பட்டியலை நான் ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாதுளை உரிக்கும்போதுதான் உறைத்தது, இதற்கு ஏது வாசனை? முத்துகளை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தேன். லேசான பச்சை வாடை, அவ்வளவுதான். பியோனிப் பூவிலிருந்தும் வியாபாரத்துக்கு உதவுகிற மாதிரி எண்ணெய் எடுக்க முடியாதாம். இரண்டுமே வேறு வாசனைப் பொருள்களைக் கலந்து கட்டிய கற்பனைதான். மேக்னோலியா மட்டும் நமக்கு அந்நியமில்லை. நம் செண்பகத்தின் தாவரவியல் பெயரே மேக்னோலியா சம்பகாதான். ஆனால் செண்பகப்பூவைத் தலையில் வைத்துப் பழகிய மூக்கோடு இதில் தேடினால் ஏமாந்து போவீர்கள். அந்தக் கனம், அந்தக் கிறக்கம் இதில் துளியும் கிடையாது.

இருப்பது வேறு. அடித்த உடனே நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த மாதிரி ஒரு பளிச். பின்னாலேயே பழ இனிப்பு, ஜில்லென்று, திகட்டாத அளவில். அப்புறம் பூ. முழுப் பூ இல்லை, பூ நனைத்து வைத்த தண்ணீர். கடைசியில் குளித்துவிட்டுத் துவைத்த துணி உடுத்தின மாதிரி ஒரு சுத்தம். எட்டரை மணி தாம்பரம் லோக்கலில், பெண்கள் பெட்டியில், நாலு பேருக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது யார் முகத்தையும் சுளிக்க வைக்காத சென்ட் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். பகலுக்கென்றே செய்தது. கல்யாண ரிசப்ஷனுக்கு அடித்துக்கொண்டு போனால் பிரியாணி வாசனையிலேயே காணாமல் போகும்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சல்.

முதல் பாட்டில் அண்ணி துபாயிலிருந்து கொண்டுவந்தது, 90 மில்லி. காலையில் இரண்டு அடி அடிப்பேன். ஸ்டேஷன் படியேறும்போதே வாசனை இல்லை. வெயிலில் பறந்துவிட்டது போல என்று மறுநாள் நாலு. அப்புறம் ஆறு. கைப்பையில் ஒரு குட்டி பாட்டிலில் ஊற்றி வைத்து மதியம் இன்னும் கொஞ்சம். ஒரு முறை அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லி வரும். 90 மில்லியில் 900 அழுத்து. நாளுக்கு ஆறு என்றால் 150 வேலை நாள். சொல்லி வைத்தாற்போல ஏழே மாதத்தில் பாட்டில் காலி. "நிக்கவே மாட்டேங்குது, பச்சைத் தண்ணி" என்று அண்ணியிடமே போனில் குறைப்பட்டுக்கொண்டேன். இனாமாக வந்த பொருளுக்கு வாய் பார்த்தீர்களா.

அந்தச் சமயத்தில்தான் எதிர் ஸீட்டில் இருப்பவர், ரொம்ப மரியாதையானவர், ஒற்றைத் தலைவலிக்காரர், தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், அந்த சென்ட்டைக் கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா? காலைல லிஃப்ட்ல ஏறினாலே நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சிடுது." ஏழு மாதமாக அந்த மனிதர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்! நான் அடித்தது நிற்காமல் போகவில்லை. என் மூக்குதான் நின்றுபோயிருக்கிறது.

அதற்கப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைத் தெரிவிப்பதைக் குறைத்துவிடும், மூளையும் கண்டுகொள்ளாது. நம் வீட்டு வாடை நமக்குத் தெரியாமல், வருகிறவர்களுக்கு மட்டும் தெரிவது இதனால்தான். போதாக்குறைக்குச் செயற்கைக் கஸ்தூரிகளில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. கஸ்தூரி மூலக்கூறுகள் பெரியவை, மெதுவாக ஆவியாகிறவை. ஒரு சென்ட்டில் கடைசிவரை நிற்பவை அவைதான். நாரத்தையும் பழமும் அரை மணியில் கிளம்பிவிட, மிச்சமிருக்கும் கஸ்தூரி என் மூக்குக்கு எட்டாமலே ஊரெல்லாம் மணக்கிறது போலிருக்கிறது. காசு என்னுடையது, வாசனை ஊருக்கு!

சோதித்தும் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடி அடித்துவிட்டு, துப்பட்டாவைக் கட்டிலில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டு வந்தேன். அறைக்குள் காலை வைத்ததும் கும்மென்று அடித்தது, அந்தத் துவைத்த துணி வாசனை உட்பட. ஆக, கஸ்தூரி எனக்குச் சுத்தமாகத் தெரியாது என்றில்லை. இரண்டு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்ததும் மறுபடி ஒன்றுமில்லை. மூக்கு தெளியட்டும் என்று சென்ட் கடைகளில் நீட்டுகிறார்களே காபிக்கொட்டை, அதையும் வீட்டில் முகர்ந்து பார்த்தேன். காபி குடிக்க ஆசை வந்தது, வேறு பலன் இல்லை.

இப்போது கணக்காக இரண்டே அடி. ஒன்று கழுத்துக்குப் பின்னால், ஒன்று துப்பட்டாவின் உள்பக்கம். முகத்துக்குக் கிட்டே, மார்பில், மணிக்கட்டில் அடிப்பதில்லை. மூக்குக்கு அருகில் இருந்தால் இன்னும் சீக்கிரம் பழகிவிடும். துணியில் தோலைவிட அதிக நேரம் நிற்கிறது. நிறமுள்ள திரவம் என்பதால் வெள்ளைத் துணியில் மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் பூ வைத்தால் இதைத் தொடுவதே இல்லை. மதுரை மல்லிக்கு முன்னால் இது இனிப்பு மிட்டாய் மாதிரி ஆகிவிடும், இரண்டும் சேர்ந்தால் இரண்டுமே கெடும்.

இரண்டாவது பாட்டிலைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. இணையத்தில் ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். திறந்தால் இருமல் மருந்து. பெட்டியின் அடியில் இருந்த தொகுப்பு எண் ஒன்று, பாட்டிலின் அடியில் இருந்தது வேறொன்று. அவை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். இரண்டு மாதம் பாத்ரூமில் தெளித்துத் தீர்த்தேன். வாங்குகிறவர்கள் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

மூன்றாவது பாட்டில் நல்ல கடையில் முழு விலை கொடுத்து வாங்கியது. அதே 90 மில்லி இருபது மாதம் வந்துவிட்டது, அடியில் இன்னும் அரை விரல்கடை இருக்கிறது. தலைவலிக்காரர் இப்போது சிரித்துப் பேசுகிறார். போன டிசம்பரில் கொடைக்கானல் போனபோது அந்தக் குளிரில் நாரத்தை வாசனை நிதானமாக நின்றது, முதல் முறையாக ஒரு மணி நேரம் முழுக்க என் சென்ட்டை நானே முகர்ந்தேன். சென்னைக்கு வந்ததும் பழைய கதை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது என்னை ஏமாற்றுவதில்லை. திங்கட்கிழமை காலை பீரோவைத் திறப்பேன். வெள்ளிக்கிழமைதான் பூ நாள், வியாழக்கிழமை போட்ட துப்பட்டா துவைக்காமல் கொக்கியில் தொங்கும். கதவு திறந்த அந்த ஒரு நொடி, பூத்தண்ணீரும் சுத்தமுமாக முகத்தில் வந்து மோதும். யாரோ ரொம்ப நல்ல பெண் இந்த பீரோவுக்குள் இருந்துவிட்டுப் போன மாதிரி. அந்த நொடிக்காகவே சில துப்பட்டாக்களை ஒரு வாரம் தள்ளித்தான் துவைக்கிறேன். "அழுக்கைச் சேத்து வெக்கிறியே" என்று அம்மா கத்துகிறார்.

தோழிக்கு வருகிறேன். இதன் அடர்த்தியான வகை, அப்சொலு, 2013இலிருந்து கிடைக்கிறது. அதை வாங்கவா என்றும் கேட்டாள். வேண்டாம், சென்னை வெயிலுக்கு இதுவே போதும். சரி, நான்காவது பாட்டில் வாங்குவாயா என்றாள். மாட்டேன். முடிவு செய்துவிட்டேன். ஊருக்கு மணக்க நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?

ஆனால் நீ வாங்கு. 90 மில்லியே வாங்கு. என் பக்கத்து ஸீட் அடுத்த மாதம் காலியாகிறது, அங்கே மாற்றிக்கொண்டு வந்து உட்கார்.