கிரீட் போனால் எங்கே தங்குவது: ஹானியாவா, ஹெராக்லியனா?

வரைபடத்தில் கிரேக்க நாட்டின் கிரீட்டைப் பார்த்தால் சின்னத் தீவு மாதிரித்தான் தெரியும். ஆனால் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர். ஹெராக்லியனுக்கும் ஹானியாவுக்கும் இடையிலேயே சுமார் 140 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே எங்கே தங்குகிறோம் என்பதில்தான் பாதி பயணம் இருக்கிறது. விமான நிலையம், ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸிலிருந்து வரும் இரவுக் கப்பல் இரண்டும் இரு ஊர்களுக்கும் உண்டு, அதில் பேதமில்லை.

ஹெராக்லியனின் பலம் க்னோசோஸ். ஊரிலிருந்து 5 கிலோமீட்டர்தான், நகரப் பேருந்திலேயே போகலாம். 1900-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கிய, கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகமான மினோவன் மக்களின் அரண்மனை. அந்தச் சிவப்புத் தூண்கள் அவர் திருப்பிக் கட்டியவை. நிழல் குறைவு, திறந்த உடனே போய்விடுங்கள். வெயில் ஏறியதும் ஊருக்குள் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகம். அரண்மனையின் அசல் சுவரோவியங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஃபைஸ்டோஸ் வட்டின் முன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். கையகலக் களிமண் வட்டு, இரு புறமும் சுருள்சுருளாக முத்திரை குத்திய குறிகள். மனிதத் தலை, மீன், பறவை எல்லாம் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இன்னும் இல்லை. மற்றபடி ஹெராக்லியன் போக்குவரத்து நெரிசலுள்ள, அன்றாட வேலையில் மூழ்கிய ஊர்.

என்னைக் கேட்டால் தங்குவதற்கு ஹானியாதான். வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறைமுகம், முனையில் கலங்கரை விளக்கம், குறுகிய கல் பாவிய சந்துகள். காலையில் பூகாட்சா சாப்பிடுங்கள்: மெல்லிய மாவு அடுக்குக்குள் புளிப்பான மிஸித்ரா பாலாடைக்கட்டி, கண்ணெதிரே துண்டு துண்டாக நறுக்கிச் சர்க்கரை தூவித் தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் தீவில் கஷ்டமில்லை. பார்லி ரொட்டியில் தக்காளி துருவிப் போட்ட டாகோஸ் எங்கும் கிடைக்கும்.

எலஃபோனிசி, பாலோஸ் கடற்கரைகள் இந்தப் பக்கம்தான். எலஃபோனிசியில் தண்ணீர் முழங்கால் அளவே இருக்கும் இடங்கள் நிறைய, குழந்தைகளுக்கு அருமை. சமாரியா பள்ளத்தாக்கும் இங்கிருந்தே வசதி. 16 கிலோமீட்டர் நடந்து இறங்க வேண்டும், பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். முடிவில் வரும் அயா ரூமெலிக்குச் சாலையே கிடையாது, படகில்தான் வெளியேற வேண்டும். ஹெராக்லியனிலிருந்து இதற்குக் கிளம்பினால் விடியுமுன்பே பேருந்தில் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் கையில் இருந்தால் ஹானியாவில் ஐந்து இரவு, கடைசி இரண்டு ஹெராக்லியனில். அங்கிருந்தே விமானம் ஏறலாம். மூன்றே நாள், வரலாற்றில்தான் ஆசை என்றால், சரி, ஹெராக்லியனே போதும்.