மாலத்தீவில் நாலு ராத்திரி: ரிசார்ட்டா, உள்ளூர்த் தீவா, ஹுல்ஹுமாலேயா?

மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அறை வாடகையை மட்டும் பார்த்து இடம் பிடிக்கக் கூடாது. புக்கிங் தளத்தில் 65 டாலருக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் அறை இருக்கும். அதற்குக் கீழேயே 280 டாலருக்கு ஒரு ரிசார்ட். இரண்டும் பொய்க் கணக்கு இல்லை, பாதிக் கணக்கு. மீதிப் பாதி வரியும் படகும். படகுக் காசு அறைக்கு இவ்வளவு என்று வராது, தலைக்கு இவ்வளவு என்று வரும். தேனிலவுக்குப் போனவர்கள் எழுதிவைத்த செலவுக் கணக்கெல்லாம் எங்களுக்கு உதவாமல் போனது இதனால்தான். அவர்களுக்கு இரண்டு தலை. எங்களுக்கு நாலு: நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் மகன், ஒன்றாவது படிக்கும் மகள்.

முதலில் வரியை முடித்துவிடுவோம். அறை 100 டாலர் என்றால் வழக்கமான 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து 110 ஆகும். அந்த 110-க்கும் சேர்த்துச் சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம். ஆக, 128 டாலர் 70 சென்ட். அதற்கு மேல் பசுமை வரி என்று ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் அதை அப்படியே இரட்டிப்பாக்கிவிட்டார்கள். ஜனங்கள் வாழும் உள்ளூர்த் தீவில் 50 அறைக்கு மேற்படாத கெஸ்ட் ஹவுஸ் என்றால் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர், ரிசார்ட் என்றால் 12 டாலர். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் விலக்கு. பாதி இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடும் என் மகளுக்கும் முழு வரிதான்.

இப்போது அந்த 65 டாலர் அறையைப் போட்டுப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி சேர்ந்து 83 டாலர் சொச்சம். நாலு பேருக்குப் பசுமை வரி 24. ஒரு ராத்திரி 107 டாலருக்குக் கொஞ்சம் மேலே, நாலு ராத்திரி ஏறக்குறைய 430. அதே கணக்கில் 280 டாலர் ரிசார்ட் ஒரு ராத்திரிக்கு 408 ஆகி, நாலு ராத்திரிக்கு 1,633-இல் நிற்கும். சில தளங்கள் வரி சேர்த்து விலை போடும், சில தளங்கள் கடைசிப் பக்கத்தில்தான் காட்டும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு பாருங்கள்.

ரிசார்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தீவு, ஒரு ரிசார்ட், அவ்வளவுதான். அந்தத் தீவில் ஊர் கிடையாது, கடைத்தெரு கிடையாது. அதனால் உங்களுக்கு வேறு போக்கிடமும் கிடையாது. தண்ணீர் பாட்டிலோ, பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டோ, அங்கே சொல்லும் விலைதான் விலை. காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த அறையை மலிவாக இருக்கிறதே என்று பிடித்தால், மதியமும் ராத்திரியும் நாலு தட்டுக்குக் கொடுக்கும் காசில் அந்த மலிவு காணாமல் போய்விடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் மூன்று வேளையும் சேர்ந்த திட்டத்தை எடுத்தால்தான் செலவு கைக்குள் நிற்கும். சில ரிசார்ட்டுகளில் சிறுபிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம். எத்தனை வயது வரை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் 24, 31 ராத்திரிகளில் விருந்து என்று தனியாக ஒரு தொகையைப் பல ரிசார்ட்டுகள் கட்டாயமாகவே வசூலிக்கும். அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

போகும் வழியும் செலவுதான். பக்கத்து ரிசார்ட் என்றால் வேகப் படகு, தூரத்து ரிசார்ட் என்றால் கடல் விமானம். போய்வரப் படகுக்குப் பெரியவர்களுக்கு 150 டாலர், பிள்ளைகளுக்குப் பாதி என்று வைத்தாலே எங்கள் நாலு பேருக்கு 450. கடல் விமானம் 400 டாலர் என்று வைத்தால் 1,200. கடல் விமானம் இருட்டினால் பறக்காது. உங்கள் விமானம் சாயங்காலம் தாமதமாக இறங்கினால் அன்று ராத்திரிக்குத் தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தனியாக ஒரு அறை எடுக்க வேண்டும். இதைச் சேர்க்காமல் பட்ஜெட் போட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ரிசார்ட்டுக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். வாசலை விட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் முகத்தை முக்கினால் பவளப் பாறையும் மீனும் கண்ணுக்கு முன்னால் நிற்பது நல்ல ரிசார்ட்டில் வாய்க்கும். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாறை கரையிலிருந்து எத்தனை மீட்டர்? பதில் மழுப்பலாக வந்தால் நீங்கள் காசு கொடுப்பது மரப் பாலத்துக்கும் போட்டோவுக்கும்தான்.

அடுத்தது உள்ளூர்த் தீவு. 2009 வரை சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ரிசார்ட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்தது. அதில் முந்திக்கொண்டது மாஃபுஷி. நாங்களும் அங்கேதான் இறங்கினோம். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தால் கால் மணி நேரம். அந்தச் சின்னத் தீவில் ஒரு சிறைச்சாலையும் இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ் விளம்பரத்தில் அது வராது.

மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு அரசுப் படகில் ஆளுக்கு இரண்டு மூன்று டாலர்தான், ஒன்றரை மணி நேரம். வேகப் படகில் அரை மணி நேரம், ஆளுக்கு ஒரு வழிக்கு 25 டாலரை ஒட்டி. நான் கெட்டிக்காரியாக அரசுப் படகை நம்பித் திட்டம் போட்டிருந்தேன். வியாழக்கிழமை ராத்திரி மாலேயில் தங்கிவிட்டு, மறுநாள் மதியம் இரண்டு பெட்டி, இரண்டு பிள்ளைகளோடு ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் படகுத்துறைக்கு டாக்சியில் போய் இறங்கினால் ஈ காக்கை இல்லை. நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு ராமநாதபுரத்துத் தம்பி எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டார். “வெள்ளிக்கிழமை ஏதுக்கா படகு? இங்கே இன்னைக்குத்தான் லீவு.” வாரச் செயல்திட்டம் எல்லாம் போட்டு ஒட்டிவைத்திருந்த எனக்கு, அந்த ஊரில் வெள்ளிதான் ஞாயிறு என்பது தோன்றவில்லை. திரும்ப விமான நிலையப் பக்கம் வந்து வேகப் படகில் நாலு சீட்டு, 100 டாலர். அந்த ஒரு நாளில் அறை வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போனது.

கரையில் இறங்கியதும் கெஸ்ட் ஹவுஸ் பையன் ஒரு தள்ளுவண்டியோடு நின்றிருந்தான். பெட்டிகள் வண்டியில் போக, பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து என் மகளும் போனாள். மணல் தெரு, தெருவோரத்தில் இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை கட்டிய ஜோலி என்ற நாற்காலிகள், அதில் சாய்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஊர்ப் பெண்கள். ரிசார்ட்டில் மாலத்தீவு கிடைக்கும், மாலத்தீவுக்காரர்கள் வீட்டு வாசல் கிடைக்காது.

சாப்பாடுதான் இங்கே குடும்பங்களுக்கு இடிக்கும். காலையில் மஸ் ஹுனி வைப்பார்கள்: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்து, கூடவே ரோஷி என்ற மெல்லிய ரொட்டி. மாலத்தீவின் திவேஹி மொழியில் மஸ் என்றால் மீன். நம் ஊர்க் கடையில் மாசிக் கருவாடு வாங்கியிருந்தால் இந்த மஸ் உங்களுக்குப் புதிதில்லை. எனக்கும் வீட்டுக்காரருக்கும் அது அமிர்தம். மகன் மீன் தொடமாட்டான். நாலு நாளும் ரோஷி, முட்டை, ஃபிரைட் ரைஸ், கொண்டுபோன பருப்புப் பொடி என்று ஓட்டினான். சுத்த சைவம் என்றால் இந்த ஒரு விஷயத்தில் ரிசார்ட் பஃபே ஜெயிக்கும், ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர்க்காரர்கள் சாப்பிடும் சின்ன டீக்கடைகளில் அந்நாட்டு நாணயமான ரூஃபியாவில் கொடுத்தால் மலிவு. அரசு விலைப்படி ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா.

ஊர்க் கட்டுப்பாடும் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் உடைக்குத் தனியாக ஒதுக்கிய கடற்கரை இருக்கும், மற்றக் கரைகளில் உடம்பை மூடிய உடை வேண்டும். சல்வாரோடு கடலில் இறங்கும் நமக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மது கிடையாது. வரும் வழியில் வாங்கிய பாட்டிலைச் சுங்கத்தில் எடுத்துவைத்துக்கொள்வார்கள். நம் ஆட்கள் மறந்துபோகும் ஒன்று: வழிபாட்டுக்கான சிலைகளை நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. பயணப் பையில் எப்போதும் கிடக்கும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நோன்பு மாதத்தில் போனால் பகலில் கடைகள் மூடியிருக்கும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு சிரமம். ரிசார்ட்டில் இந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை கிடையாது.

உள்ளூர்த் தீவு என்றாலே மாஃபுஷிதான் என்றில்லை. ஆனால் மாஃபுஷியின் பலம் கூட்டம். கூட்டம் இருப்பதால் படகு அடிக்கடி ஓடுகிறது, மணல் திட்டுக்கும் பவளப் பாறைக்கும் கூட்டிப்போகும் பயணங்கள் போட்டி விலையில் கிடைக்கின்றன. பலவீனமும் அதே கூட்டம்தான். ஒதுக்கிய கடற்கரை சின்னது, காலை பத்து மணிக்கு மேல் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அமைதி வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் குல்ஹி இன்னும் சின்னது. தொட்டூ என்ற தீவில் தர்பூசணியும் பப்பாளியும் பயிராகின்றன, சைக்கிளில் தோட்டம் சுற்றலாம். வேகப் படகில் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். தெற்கே திகுராவில் நீண்ட கடற்கரை, பக்கத்துக் கடலில் திமிங்கலச் சுறா வருஷம் முழுக்கத் தென்படும். அங்கே போக இரண்டு மணி நேரம் ஆகும், கட்டணமும் மாஃபுஷியைப் போல இரண்டு மடங்கு வரும். அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நாலு தலைக்குப் போய்வரும் காசை முதலில் கூட்டுங்கள். நாலு ராத்திரிக்கு அவ்வளவு தூரம் வீண். ஒரு வாரம் என்றால் சரி.

ஹுல்ஹுமாலேக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவு, விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தலைக்கு வரும் படகுச் செலவு இல்லை. சமையலறையோடு அபார்ட்மெண்ட் கிடைப்பதால் குக்கரும் அரிசியும் கொண்டுபோகிற கட்சிக்கு இது சொர்க்கம். மிக மலிவான வழி எது என்று கேட்டால் இதுதான். ஆனால் நீளமான கடற்கரைக்குப் பின்னால் சாலையும் அடுக்குமாடியும் நிற்கும். மாலத்தீவு என்று மனதில் வைத்துப்போன படம் இங்கே இல்லை. ராத்திரி இறங்கும் விமானம், விடிகாலை கிளம்பும் விமானம், இந்த இரண்டுக்கும் ஒரு ராத்திரி தங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 2018-இல் திறந்த பாலம் வழியாக மாலேக்குப் போய் மீன் சந்தையையும், 1658-இல் பவளக் கல்லில் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

நாங்கள் கடைசியில் செய்தது கலவை. மாஃபுஷியில் தங்கிக்கொண்டு ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் பகல் சீட்டு எடுத்தோம். படகு, மதியச் சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் சேர்ந்து பெரியவர்களுக்கு 100 டாலர், பிள்ளைகளுக்குப் பாதி என்று 300 ஆனது. அறை, வரி, போய்வர வேகப் படகு எல்லாம் சேர்ந்து 630, அதோடு இந்த 300, மொத்தம் 930. படகில் போகும் ரிசார்ட்டில் நாலு ராத்திரியும் தங்கியிருந்தால் 2,083. அதில் மூன்று வேளையும் சேர்ந்திருந்தாலும், மாஃபுஷியில் நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு அந்த வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது. ரிசார்ட்டின் ருசியும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. மகனுக்கு நீச்சல் குளம் பிடித்தது. மகள் தள்ளுவண்டி எப்போது வரும் என்று கேட்டாள்.

எந்தக் கணக்கையும் மாதம் பார்த்துப் போடுங்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி, விலை உச்சம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், விலை இறங்கும், சின்னப் படகு தூக்கித் தூக்கிப் போடும். நம் பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறை சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஏப்ரல் கடைசி வாரம் கிடைத்தால் விடாதீர்கள். மே பாதிக்கு மேல்தான் போக முடியும் என்றால் படகு நேரம் குறைந்த தீவாகப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசாவுக்குக் காசு கிடையாது, முன்கூட்டி வாங்கவும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை ஆளுக்கு ஒன்று நிரப்ப வேண்டும், அதற்கும் காசு கிடையாது. காசு கேட்கும் தளம் ஏதாவது வந்தால் மூடிவிட்டு வேறு தளம் பாருங்கள்.