போர்க்கைதிகள் தப்பித்த கதை சொல்கிறோம் என்று பணம் கேட்கும் இணைய வகுப்பு: சேர்ந்துவிடாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய முகாம்களில் அடைபட்ட கைதிகள் காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிய கதைகளை, ஆதாரத்தோடும் படங்களோடும் தமிழில் சொல்வதாக ஒரு கட்டண இணைய வகுப்புக்கு விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. நான் பணம் கட்டிச் சேர்ந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்த வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்காக வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விளம்பரத்தில் சொன்னவை இவை. நேரலை வகுப்பு, நடத்துபவர் ராணுவ வரலாற்று ஆய்வாளர், போர்க்காலக் காப்பகப் படங்கள், கேள்வி கேட்க வாய்ப்பு, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். கிடைத்தது, முன்பே பதிவு செய்துவைத்த ஒலிக்கோப்புகள். பேசுவது மனிதரே இல்லை, கணினிக் குரல். கோல்டிட்ஸ் என்ற ஜெர்மானியக் கோட்டை முகாமின் பெயரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. 'காப்பகப் படங்கள்' எல்லாம் கணினி வரைந்தவை. ஒரு படத்தில் முள்வேலிக் கம்பி காவலரின் தோளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அவர் தொப்பியில் இருக்கும் எழுத்து உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து.

சரி, குரலும் படமும் மட்டம் என்றால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பெரிய மோசடி உள்ளே இருக்கும் சரக்கில்தான்.

முதல் வகுப்பின் தலைப்பு 'கோல்டிட்ஸ் கோட்டையில் நடந்த உண்மைச் சம்பவங்கள்'. கட்டிலைத் தூக்கினால் சுரங்கம், வெளியே வர மரத்தின் அடிக்கட்டையில் ஒரு மூடி, நாய்க்கூண்டுக்கு அடியில் இன்னொரு வழி, தளபதியின் அறையில் பேசுவதை ஒட்டுக்கேட்கக் காபிப் பாத்திரத்துக்குள் கருவி. இவை எதுவும் கோல்டிட்ஸில் நடந்தவை அல்ல. எல்லாம் 1965 முதல் 1971 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரில் இருப்பவை. கதாபாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றி, முகாமின் பெயரையும் மாற்றி, 'உண்மை' என்று முத்திரை குத்தி விற்கிறார்கள்.

அந்தத் தொடரின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கற்பனை என்று சொல்லியே எடுத்தார்கள். அதில் ஜெர்மானியத் தளபதியாகவும் தடித்த சார்ஜெண்டாகவும் நடித்த இருவருமே நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்த யூதர்கள். பிரெஞ்சுக் கைதியாக நடித்தவர் புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். எதைக் கேலி செய்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கேலியை வரலாறாகத் திரித்து விற்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

ஏனென்றால் உண்மையான கோல்டிட்ஸ் இதைவிட எவ்வளவோ சுவையானது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் குன்றின் மேல் இருக்கும் பழைய கோட்டை அது. மற்ற முகாம்களில் தப்பிக்கப் பார்த்துப் பிடிபட்ட அதிகாரிகளை, இனி அசைய முடியாது என்று கொண்டுவந்து அடைத்தார்கள். ஓடிப்போவதில் கைதேர்ந்தவர்களை எல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர்த்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. டச்சுக் கைதிகள் இரண்டு பொம்மைத் தலைகளை வார்த்து, முகத்துக்கு வண்ணம் பூசி, கீழே தங்கள் நீளமான ராணுவ மேலங்கியைத் தொங்கவிட்டார்கள். தலை எண்ணும்போது வரிசைக்கு நடுவே பக்கத்து ஆட்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எண்ணிக்கை சரியாக வரும். ஆட்கள் வெளியே போயிருப்பார்கள். பொம்மைகளுக்கு வைத்த பெயர் மாக்ஸ், மோரிட்ஸ். ஜெர்மானியக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த, கதையில் வரும் வாலுப் பையன்கள் இருவரின் பெயர் அது.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை என்பதும் இந்தக் கதைகளின் அழகு. 1941-இல் ஒரு பிரெஞ்சு அதிகாரி பெண் வேடம் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். போகிற வழியில் கைக்கடிகாரம் கீழே விழுந்துவிட்டது. எதிரே வந்த ஆங்கிலேயக் கைதி ஒருவர், விஷயம் தெரியாமல், 'அம்மணி, உங்கள் கடிகாரம்' என்று மரியாதையாகக் குரல் கொடுத்தார். 'அம்மணி' திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடக்க, காவலர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போக, குட்டு உடைந்தது. இது எந்தக் கற்பனைக்குக் குறைந்தது?

காவலர்களை அடிமுட்டாள்களாகக் காட்டுவது அடுத்த பொய். கோல்டிட்ஸில் பாதுகாப்பைக் கவனித்த ரைன்ஹோல்ட் எக்கர்ஸ் போருக்கு முன் பள்ளி ஆசிரியர். மாணவர்களின் சேட்டையை வருடக்கணக்கில் பார்த்தவர். கைதிகளிடம் பிடித்த போலிச் சாவி, போலிச் சீருடை, கயிறு எல்லாவற்றையும் சேர்த்து அங்கேயே ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருந்தார். அப்படிப்பட்ட ஆளை ஏமாற்றினால்தானே அது சாமர்த்தியம்? எதிரே முட்டாளை நிறுத்திவிட்டால் கைதிகளின் மூளைக்கு என்ன மரியாதை?

இரண்டாவது வகுப்பு ஸாகன் முகாம். இன்று போலந்தில் இருக்கிறது, அன்று ஜெர்மானிய விமானப்படை நடத்திய ஸ்டாலாக் லுஃப்ட் 3. இந்த இடத்தில் நடந்ததைச் சொல்ல ஒரு முழு நாள் வேண்டும். 1943 ஜூனில், பேன் ஒழிப்புக் குளியலுக்கு என்று சொல்லி 24 கைதிகள் வரிசையாக வாசல் வழியே நடந்து போனார்கள். கூட இரண்டு 'காவலர்கள்'. அந்த இருவரும் கைதிகள்தான். உடுப்பு முகாமுக்குள்ளேயே தைத்தது, துப்பாக்கி மரத்தில் செதுக்கியது. எல்லோரும் பின்னால் பிடிபட்டார்கள் என்பது வேறு விஷயம். அவர்களில் இருவர் ஜெர்மானிய விமானம் ஒன்றையே திருடப் பார்த்தார்கள். தண்டனையாகக் கோல்டிட்ஸுக்கு அனுப்பினார்கள். அப்புறம் அந்தக் கோட்டையில் கூரைக்கு அடியில் கைதிகள் ரகசியமாக ஒரு கிளைடர் (இயந்திரம் இல்லாமல் மிதந்து பறக்கும் விமானம்) கட்டியபோது, அதற்குக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தது இந்த இருவரில் ஒருவர். தரைப்பலகையும் கட்டில் சட்டமும் அதன் எலும்புக்கூடு. படுக்கைத் துணிதான் அதன் தோல். துணியை விறைப்பாக்க வேகவைத்த தினையைப் பூசினார்கள். அது பறப்பதற்குள் 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துவிட்டது.

அதே ஸாகனில் 1943-இல் நடந்தது மரக்குதிரை. தாண்டிக் குதித்து உடற்பயிற்சி செய்யும் குதிரை. தினமும் அதை வேலிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள், உள்ளே ஆள் ஒளிந்திருப்பார். மேலே குதிப்பவர்கள் குதிக்க, கீழே அவர் சுரங்கம் தோண்டுவார். தோண்டும் அதிர்வைக் கேட்க ஜெர்மானியர் தரையில் ஒலிவாங்கி புதைத்திருந்தார்கள். மேலே விழும் காலடிச் சத்தம் அதை மூடிவிட்டது. அடிமண் பளீர் மஞ்சள், மேல்மண் சாம்பல் நிறம் என்பதால் வெளியே கொட்டினால் மாட்டிக்கொள்வார்கள். மண்ணும் அதே குதிரைக்குள் திரும்பிப் போனது. எரிக் வில்லியம்ஸ், மைக்கேல் காட்னர், ஆலிவர் ஃபில்பாட் மூவரும் அக்டோபர் கடைசியில் வெளியேறி, மூவருமே சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள்.

வகுப்பில் இதில் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதில் அமெரிக்க வீரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டிய 'வீரச்செயல்' இருந்தது. அது திரைப்படத்துக்காக எழுதிய காட்சி. 1944 மார்ச்சில் இதே ஸாகன் முகாமிலிருந்து ஹாரி என்ற சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்களே, அவர்களில் அமெரிக்கர் ஒருவரும் இல்லை. அமெரிக்கர்களை அதற்குப் பல மாதங்கள் முன்பே முகாமின் வேறு பகுதிக்கு மாற்றியிருந்தார்கள்.

எனக்கு உண்மையில் ரத்தம் கொதித்தது இந்த வகுப்பின் முடிவைக் கேட்டபோதுதான். '76 பேரும் சிரித்துக்கொண்டே சுதந்திரத்துக்குள் நடந்தார்கள்' என்று முடிக்கிறது அந்தக் குரல். நடந்தது என்ன? 73 பேர் பிடிபட்டார்கள். மூன்று பேர் மட்டுமே தப்பினார்கள், இருவர் நார்வேக்காரர்கள், ஒருவர் டச்சுக்காரர். பிடிபட்டவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவின் பேரில் சுட்டுக் கொன்றார்கள். திட்டத்தின் தலைவர் ரோஜர் புஷெலும் அதில் ஒருவர். தப்பிக்க முயன்ற கைதிக்கு அதிகபட்சம் 30 நாள் காவல் தண்டனைதான் என்று 1929 ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. அந்த ஒரு விதியை நம்பித்தான் இவர்கள் இத்தனை குறும்பையும் செய்தார்கள். அதை மீறியது கொலை. 50 பேரை மறைத்துவிட்டுச் சிரிப்பை மட்டும் விற்பவர்களை என்னவென்று சொல்வது?

இதே குரல் இன்னோர் இடத்தில் 'ஜெர்மானிய முகாம் விடுதி மாதிரி இருந்தது' என்கிறது. மேற்கு நாட்டு அதிகாரிகளுக்கு உணவுப் பொட்டலமும் நாடக மேடையும் இருந்தன, உண்மை. அதே ஜெர்மனியின் பிடியில் சுமார் 57 லட்சம் சோவியத் கைதிகளில் 30 லட்சத்துக்கும் மேல் பசியிலும் குளிரிலும் துப்பாக்கியிலும் செத்தார்கள். பிள்ளைகள் கேட்கிற வகுப்பில் இதைச் சொல்லாமல் 'விடுதி' என்று சொல்வது பெரும் அநியாயம்.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இந்தியர் யாராவது இந்த முகாம்களில் இருந்தார்களா என்று கேட்டார். 'இந்தியர் யாரும் இல்லை' என்று பதில் வந்தது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஜெர்மானியர் கையில் இருந்தார்கள். கோல்டிட்ஸிலேயே பிரேந்திரநாத் மஜும்தார் என்ற வங்காள மருத்துவர் இருந்தார். ஜெர்மனியில் தான் திரட்டிய இந்தியப் படையில் சேரும்படி சுபாஷ் சந்திர போஸ் நேரில் அழைத்தும், பிரிட்டிஷ் ராணுவத்தில் எடுத்த உறுதிமொழியை மீற மாட்டேன் என்று மறுத்தவர். பிரிட்டிஷ் சக கைதிகளோ அவரை நம்பவில்லை, தப்பிக்கும் திட்டங்களில் சேர்க்கவில்லை. இந்தியர் முகாமுக்கு மாற்றும்படி காந்தி வழியில் உண்ணாவிரதம் இருந்து சாதித்தார். பிரான்ஸுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து தப்பி நடந்தே சுவிட்சர்லாந்து போனார். இதை நான் குழுவில் எழுதினேன். சற்று நேரத்தில் பதிவை நீக்கினார்கள், என்னையும் நீக்கினார்கள்.

நான் சேர்ந்ததே கடைசி வகுப்புக்காக. முதல் உலகப் போரில் துருக்கியின் யோஸ்காட் முகாமில் நடந்ததைச் சொல்வதாக விளம்பரத்தில் இருந்தது. ஜோன்ஸ், ஹில் என்ற இரண்டு அதிகாரிகள் பொழுதுபோக்காக எழுத்துகளைச் சுற்றி வைத்து, நடுவே கண்ணாடிக் குவளையை நகர்த்தி 'ஆவி'யோடு பேசினார்கள். கண்ணைக் கட்டினாலும் எழுத்து எங்கே இருக்கிறது என்று ஜோன்ஸ் மனப்பாடமாக வைத்திருந்தார். முகாம் தளபதியே ஆவியிடம் ஆலோசனை கேட்கும் அளவுக்கு நம்பிவிட்டார். ஆர்மீனியர் ஒருவர் புதைத்த புதையலை ஆவி காட்டித் தரும் என்று அவரை மலையெல்லாம் அலையவைத்தார்கள். கடைசியில் இருவரும் பைத்தியம் போல் நடித்து, தூக்கில் தொங்குவது வரை போய், கான்ஸ்டான்டினோபிள் மருத்துவர்களை மாதக்கணக்கில் நம்பவைத்து ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிய அப்போது சில வாரங்களே பாக்கி. அவ்வளவு பாடுபட்டு மற்ற கைதிகளைவிட அந்தச் சில வாரங்கள்தான் முந்தினார்கள். வகுப்பு என்று வந்த கோப்பைத் திறந்தால், முதல் வகுப்பையே தலைப்பை மாற்றிப் போட்டிருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'கோப்பைத் திறந்துவிட்டால் வாபஸ் கிடையாது' என்றார்கள். திறக்காமல் பிடிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நடத்தும் ஆய்வாளரின் பெயரைக் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

பணம் கட்டும் முன் மாதிரி வகுப்பு ஒன்றைக் கேளுங்கள். நடத்துபவர் யார், முன்பு எங்கே என்ன எழுதியிருக்கிறார் என்று கேளுங்கள். ஸாகனில் வெளியேறியவர்களில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். படத்துக்குக் கீழே எந்தக் காப்பகம் என்று போடவில்லையென்றால் அதைக் காப்பகப் படம் என்று நம்பாதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் செய்த பிறகு 'நேரலை', 'காப்பகப் படங்கள்' என்ற இரண்டு சொல்லையும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய விளம்பரம் என் கைபேசியில் இருந்ததால்தான் வங்கி என் புகாரை ஏற்றுக்கொண்டது. பணம் இன்னும் வரவில்லை.