15 டாலர் நகலுக்கு 289 டாலர் தண்டம் அழுதேன்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 289 டாலர். அது திரும்பி வராது என்று நேற்று மாலைதான் உறுதியானது. ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன். பெயரை வெளியிட்டால் வழக்குப் போடுவோம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு முறை நீதிமன்றம் ஏறியதே எனக்குப் போதும். அமெரிக்காவின் எந்தக் கவுண்டியிலிருந்தும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விவாகரத்து ஆவணங்களை எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் இணையதளங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

எனக்கு 2017-இல் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் விவாகரத்து ஆனது. இப்போது டாலஸில் இருக்கிறேன். கோவையில் மறுமணம் ஏற்பாடாகியிருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு என்பதால் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பின் சான்று நகல், அதன்மேல் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்டுவதற்காக அரசு தரும் சான்று), இரண்டும் இருந்தால்தான் அறிவிப்பையே வாங்குவோம் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மாவோ ஆவணியில் முகூர்த்தம் குறித்து மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அலமாரியைக் குடைந்ததில் ஒரே ஒரு தாள் கிடைத்தது. மேலே எஃப்.எல். 190 என்று அச்சிட்டிருந்தது. தீர்ப்பு பதிவாகிவிட்டது என்று நீதிமன்றம் தபாலில் அனுப்பும் அறிவிப்பு அது. தீர்ப்பு என்பது எஃப்.எல். 180, வேறு படிவம். இத்தனை வருடமாகத் தீர்ப்பு என்று நினைத்து நகைப் பெட்டிக்கு அடியில் நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது ஓர் அறிவிப்புத் தாளை.

அன்று இரவு பதினொன்றரை மணி. தேடுபொறியில் கவுண்டியின் பெயரைப் போட்டு விவாகரத்து ஆவணம் என்று தேடினேன். முதலில் வந்ததைத் திறந்தேன். அதன் ஓரத்தில் ‘விளம்பரம்’ என்று எறும்பு அளவில் எழுதியிருந்ததை இன்று பார்க்கிறேன். அன்று கண்ணில் படவில்லை. பக்கத்தின் தலையில் நீதிமன்றக் கட்டடத்தின் படம், தராசு, கழுகு. என் பெயர், முன்னாள் கணவரின் பெயர், கவுண்டி, ஆண்டு எல்லாவற்றையும் நிரப்பினேன். ‘நீதிமன்றப் பதிவுகளைத் தேடுகிறோம், பக்கத்தை மூடாதீர்கள்’ என்று ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நான்கு நிமிடம் நகர்ந்தது. நானும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், ‘1 பதிவு கிடைத்தது!’ அதற்குக் கீழே என் பெயர், அவர் பெயர், கவுண்டி, ஆண்டு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. நான்கு நிமிடத்துக்கு முன்பு நான் தட்டச்சு செய்ததைத்தான் எனக்கே திருப்பிக் காட்டுகிறார்கள் என்று புரிய இரண்டு வாரம் ஆனது.

பார்ப்பதற்கு 1 டாலர். முழு அறிக்கைக்கு 39. அதற்குள் தொலைபேசி வந்தது, ஒரு பெண். மறுமணத்துக்காகத்தான் கேட்கிறேன் என்று சொன்னதும் வாழ்த்தினார். தானும் விவாகரத்து ஆனவர்தான் என்றார். அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது மனம் என்ன பாடுபடும் என்று தெரியும், அதனால்தான் இந்த வேலையை எங்களிடம் விட்டுவிடச் சொல்கிறோம் என்றார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அம்மாகூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சான்று நகலை விரைவாக எடுத்துத்தர 189, ‘நீதிமன்றக் கட்டணம்’ 60. கூட்டிப் பாருங்கள், 289. டெபிட் கார்டு எண்ணை நானே வாயால் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒன்பது பக்கம், வழவழப்பான தாள், முதல் பக்கத்தில் தங்க நிறத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்ட முத்திரை. அவசரத்தில் நான் படிக்கவே இல்லை. ஸ்கேன் செய்து மாமாவுக்கு அனுப்பினேன். அவர் அச்செடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்தே அழைத்தார்.

“கண்ணு, இதில் உன் பழைய வீட்டு விலாசம் மூன்று இருக்கிறது, உன் வயது இருக்கிறது, அதுவும் இரண்டு வருடம் கூடுதலாக. அந்தப் பையனுடைய அப்பா பெயரும் இருக்கிறது. ‘ஜாதகம் கொண்டுவந்திருக்கிறீர்கள், தீர்ப்பு எங்கே?’ என்று கேட்கிறார்கள், நான் என்ன சொல்லட்டும்?”

பக்கத்தில் நாலு பேர் சிரிப்பது எனக்குக் கேட்டது. உறையைப் பிரித்து மறுபடி பார்த்தேன். தங்க முத்திரை நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது, வெறும் ஸ்டிக்கர். ஏழாம் பக்கத்தில் ஒரே வரி: சான்டா கிளாரா, 2017, விவாகரத்து. இதற்கு 289 டாலர்.

அதன்பிறகு நடந்தது பந்தாட்டம். அரட்டைப் பெட்டியில் மூன்று நாளில் மூன்று பேர், மூன்று பெயர், மூவரும் ஒரே வாக்கியத்தை ஒரே எழுத்துப் பிழையோடு அனுப்பினார்கள்: உங்கள் பொறுமைக்கு நன்றி, நீதிமன்றத்தில் தாமதம், இன்னும் ஏழு முதல் பத்து வேலை நாள். என்னை வாழ்த்திய பெண்ணின் எண் எடுக்கப்படவே இல்லை. சந்தேகம் வந்து நீதிமன்றத்தையே அழைத்தேன். ஐம்பது நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய கிளார்க், என் வழக்கில் நகல் கேட்டு யாருமே விண்ணப்பிக்கவில்லை என்றார். தாமதமாம்! கேட்கவே இல்லை, பிறகு எங்கே தாமதம்?

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். கலிபோர்னியாவில் குடும்ப வழக்கின் ஆவணங்களை வெளியார் யாரும் இணையத்தில் எடுக்க முடியாது. நீதிமன்ற விதி 2.503 அதைத் தடுக்கிறது. வழக்குப் பட்டியலை இணையத்தில் வைக்கலாம், தாள்களை நீதிமன்றத்தில்தான் பார்க்க முடியும். விவாகரத்துத் தீர்ப்பின் சான்று நகலுக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன்.

15 டாலர்.

இரண்டாம் முறையும் கேட்டேன். 15 டாலர்தான். வழக்கு எண் இல்லாமல் போய், தேடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னொரு 15. அதையும் சேர்த்தால்கூட என்னிடம் ‘நீதிமன்றக் கட்டணம்’ என்று பிடுங்கிய 60-இல் பாதிதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். விதிமுறைகளின் பதினெட்டாவது பத்தியைப் படியுங்கள் என்று பதில். படித்தேன். நாங்கள் அரசு நிறுவனம் அல்ல, கட்டணம் தேடும் முயற்சிக்கே தவிர ஆவணத்துக்கு அல்ல, திருப்பித்தர இயலாது. வங்கியில் நேற்று கைவிரித்தார்கள்: கார்டு எண்ணை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், பொருளும் வந்திருக்கிறது. பொருள்! அந்த ஜாதகம்.

முந்தாநாள் சான் ஹோசேயில் இருக்கும் தோழியிடம் சொல்லி அழுதேன். “பைத்தியமே, இதை முதலிலேயே என்னிடம் சொல்லக் கூடாதா?” என்று திட்டிவிட்டு, மதிய உணவு நேரத்தில் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனாள். சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும் என்பதே இல்லையாம். நீதிபதி மூடி முத்திரையிட்ட வழக்காக இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இருவர் பெயரையும் ஆண்டையும் சொன்னதும் கிளார்க் கணினியில் எண்ணை எடுத்துவிட்டார். நாற்பது நிமிடத்தில் நகல் கையில். படம் அனுப்பினாள்: நீதிமன்ற முத்திரை, கிளார்க்கின் கையெழுத்து, திருமண உறவு முடிந்த தேதி. உரியாத முத்திரை. இரவே விரைவுத் தபாலில் போட்டு, இன்று காலை என் கைக்கு வந்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. அவசரத்துக்கு இவை. விவாகரத்து எந்தக் கவுண்டியில் ஆனதோ அந்த நீதிமன்றத்தையே கேளுங்கள். இணையதள முகவரி அரசுக்கு உரிய ‘டாட் கவ்’ (.gov) என்று முடிகிறதா என்று பாருங்கள், ஆனால் சில நீதிமன்றங்கள் வேறு முகவரியும் வைத்திருக்கின்றன, அதனால் கவுண்டியின் இணையப் பக்கத்திலிருந்து போவது நல்லது. கலிபோர்னியாவின் சுகாதாரத் துறைக்கு எழுதி நாளை வீணாக்காதீர்கள். அவர்களிடம் 1962 முதல் 1984 ஜூன் வரைக்கும்தான் பதிவு உண்டு, அதிலும் தீர்ப்பு வராது, விவாகரத்து நடந்ததற்கான சான்று மட்டும் வரும். போக முடியாதவர்கள் காசோலையும், தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையும் வைத்துத் தபாலில் கேட்கலாம். இந்தியாவுக்கு அனுப்ப அப்போஸ்டில் வாங்கப்போகிறேன் என்று கிளார்க்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டெபிட் கார்டு வேண்டவே வேண்டாம்.

அந்த அறிக்கைக்கான 39 டாலர் மாதச் சந்தாவாம், வங்கிக்காரர் நேற்றுதான் சொன்னார். கார்டை முடக்கிவிட்டேன். ஏற்கெனவே இதில் சிக்கியவர்கள் உடனே அதைச் செய்யுங்கள். மற்றது பிறகு எழுதுகிறேன். 20 டாலர் காசோலையோடு நகலைக் கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவுக்கு அப்போஸ்டிலுக்கு அனுப்ப வேண்டும், தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.