ஸ்டோரி பாயின்ட்டா, சைக்கிள் டைமா, டோராவா, சிஎம்எம்ஐ-யா? வேலூர்ப் பக்கத்துச் சிறு டீம்களுக்கு எது பொருந்தும்

காட்பாடியில் எட்டுப் பேர் கொண்ட ஒரு டீம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு ஸ்டாக், பீஸ் ரேட் கூலி, ஜாப் ஒர்க் பில் எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். கிளையன்ட் கேட்பது ஒரே கேள்வி: “சொன்ன மாற்றம் எப்போ கைக்கு வரும்?” டீமுக்குள் இன்னொரு கேள்வி ஓடும்: “போன தடவை போட்டது ஏன் உடைந்தது?” சாஃப்ட்வேர் வேலை எப்படிப் போகிறது என்று அளக்கத் தலைப்பில் உள்ள நான்கு முறைகளில் எதை எடுத்தாலும், இந்த இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும். யார் அதிகம் உழைக்கிறார் என்று கண்டுபிடிக்க அளக்கத் தொடங்கினால் எந்த முறையும் தாங்காது. ஆளாளுக்குத் தன்னைக் காப்பாற்றும் எண்ணைத்தான் எழுதுவார்கள்.

ஸ்டோரி பாயின்ட், வெலாசிட்டி

பெரும்பாலான டீம்கள் தொடங்குவது இங்கேதான். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று ஊகித்து 1, 2, 3, 5, 8 என்று பாயின்ட் போடுகிறோம், ஸ்பிரின்ட் எனப்படும் இரண்டு வாரச் சுற்றில் முடிந்தவற்றைக் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகைதான் வெலாசிட்டி. அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு எவ்வளவு வேலை எடுக்கலாம் என்று டீம் தனக்குத்தானே முடிவு செய்ய இது உதவும். கடைசி நான்கு ஸ்பிரின்ட் 26, 34, 29, 31 என்று இருந்தால், அடுத்ததில் 26-க்கு வாக்குக் கொடுப்பது பாதுகாப்பு.

அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பாயின்ட் என்பது டீம் தனக்குள் பேசி வைத்த ஊகம். “இந்தத் தடவை ஏன் 29 தான்?” என்று மேலிடத்தில் ஒருமுறை கேட்டால் போதும், நேற்று வரை 3 போட்ட வேலைக்கு நாளை 5 விழும். வெலாசிட்டி ஏறும், ஆம்பூருக்கு எதுவும் முன்னால் போய்ச் சேராது. இரண்டு டீம்களின் வெலாசிட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குப் பொருளே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை சும்மா காத்துக்கிடந்த நாட்கள் பாயின்ட் கணக்கில் வருவதே இல்லை.

சைக்கிள் டைம், கையில் உள்ள வேலை

சிறு டீமுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். தேவைப்படுவது ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் (பதிவு செய்து வைத்த ஒரு வேலை) இரண்டே தேதி: கையில் எடுத்த நாள், கிளையன்ட் பயன்படுத்தத் தொடங்கிய நாள். இதற்கு இடைப்பட்ட நாட்கள்தான் சைக்கிள் டைம். டெவலப்பர் “முடிஞ்சிடுச்சு” என்று சொன்ன நாளை முடிவுத் தேதியாக வைத்தால் அளவு பொய்யாகிவிடும். ஞாயிறு, பொங்கல் விடுமுறை எல்லாம் கணக்கில் சேரட்டும். கிளையன்ட் எண்ணுவது காலண்டர் நாட்களைத்தான்.

ஒரு டிக்கெட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். ஜாப் ஒர்க் சலானில் தோலை எண்ணிக்கையில் மட்டும் இல்லாமல் சதுர அடியிலும் காட்ட வேண்டும். தசமத்தில் வரும் சதுர அடி பில் வரை ஒரே மாதிரி போக வேண்டும். 3-ம் தேதி எடுத்தார்கள், 4-ம் தேதி மாலை கோடு (நிரல்) தயார். இன்னொருவர் கோடைச் சரிபார்க்கும் ரிவியூவுக்கு 8 வரை கிடந்தது. ரிவியூ நடந்தது அரை மணி நேரம். டெஸ்டிங்குக்கு 12 வரை கிடந்தது. டெஸ்டிங் அரை நாள். கிளையன்ட்டின் கணக்காளர் பார்த்துச் சரி சொன்னது 17-ல். லைவ் போனது, அதாவது கிளையன்ட் பயன்பாட்டுக்கு வந்தது, 18-ல். மொத்தம் 16 நாள், அதில் யாராவது கை வைத்தது மூன்று நாளுக்கும் குறைவு. பெரிய மருத்துவமனையில் டாக்டர் பார்ப்பது பத்து நிமிடம், டோக்கனோடு உட்கார்ந்திருப்பது அரை நாள் என்பது மாதிரி. கோடு எழுதும் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த 16-ல் ஒரு நாள்தான் குறையும். ரிவியூ காத்திருப்பை ஒழித்தால் மூன்று நாள் குறையும். இது பாயின்ட் அட்டவணையில் தெரியவே தெரியாது.

முப்பது டிக்கெட் சேர்ந்ததும் நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 26-வது டிக்கெட்டின் எண் ஏறக்குறைய 85 சதவீதப் புள்ளி. அது 19 என்றால், கிளையன்ட்டிடம் “பத்துக்கு எட்டு தடவைக்கு மேல் 19 நாளுக்குள் வந்துவிடும்” என்று தைரியமாகச் சொல்லலாம். சராசரியைச் சொல்லாதீர்கள். நாற்பது, ஐம்பது நாள் இழுக்கும் டிக்கெட் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். சராசரி அதில் ஆடிப்போகும்.

குறைப்பதற்கு வழி, கையில் உள்ள வேலையின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த வரிசைக் கோட்பாடு இங்கே அப்படியே பொருந்தும்: கையில் சராசரியாக 12 டிக்கெட், வாரத்துக்கு 3 முடிகிறது என்றால் ஒன்று முடிய சராசரி 4 வாரம். முடியும் வேகம் மாறாமல் கையிருப்பை 6 ஆக்கினால் 2 வாரம். எடுத்த டிக்கெட்டுகளைப் பாதியில் போட்டுவிட்டுப் புதிது எடுக்கும் டீமுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. உள்ளே போவதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும்.

இன்று கையில் 14 இருந்தால் ஒரேயடியாக 8 என்று வரம்பு போடாதீர்கள். 12-ல் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒன்று குறையுங்கள். காலையில் புதிய டிக்கெட் எடுக்கும் முன் ரிவியூவுக்குக் கிடப்பதை முடிக்க வேண்டும் என்ற ஒரே விதியில் பாதிப் பிரச்சினை தீரும். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: நின்றுபோனவற்றுக்கு “பிளாக்” என்று பலகையில் தனி நெடுவரிசை போட்டு, அதை வரம்புக்கு வெளியே வைப்பது. இரண்டு மாதத்தில் பாதி வேலை அங்கே போய் ஒளிந்துகொள்ளும். நின்றுபோனது இருந்த இடத்திலேயே சிவப்புக் குறியோடு இருக்கட்டும், எண்ணிக்கையிலும் இருக்கட்டும்.

டோராவின் நான்கு அளவுகள்

டோரா (DevOps Research and Assessment) என்பது சாஃப்ட்வேர் டீம்கள் வேலையை எப்படி வெளியிடுகின்றன என்று ஆராயும் திட்டம். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோரின் ஆய்விலிருந்து பரவியவை இவை: எவ்வளவு அடிக்கடி டெப்ளாய் (புதிய கோடைப் பயன்பாட்டுக்கு ஏற்றுவது), கமிட் ஆனதிலிருந்து (கோடு மாற்றத்தைப் பதிவு செய்ததிலிருந்து) லைவ் போக எவ்வளவு நேரம், டெப்ளாய்களில் எத்தனை சதவீதம் உடைந்தது, உடைந்ததைச் சரிசெய்ய எவ்வளவு நேரம். இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஏன் உடைகிறது என்பதற்கு, நல்ல பிடி தருவது இந்தத் தொகுப்புதான். வேகமும் உடைப்பும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றைக் கெடுத்து இன்னொன்றை உயர்த்திக் காட்ட முடியாது.

ஆனால் வெப்சைட், கிளவுட் ஆப் நடத்துபவர்களுக்குத்தான் இது எளிதாகப் பொருந்தும். ஷூ கம்பெனியின் சர்வர் அதன் ஆபீஸ் அறையிலேயே இருந்து, மதிய உணவு நேரத்தில் ரிமோட்டில் புகுந்து அப்டேட் போடும் நிலை என்றால் “டெப்ளாய்” எது? முதல் கிளையன்ட்டுக்குப் போன நாள், கடைசி கிளையன்ட்டுக்குப் போன நாள் இரண்டையும் எழுதுங்கள். அந்த இடைவெளி நீண்டால் ஒரே பிழையை நான்கு வெர்ஷனில் திருத்த வேண்டிவரும்.

உடைப்பு என்றால் என்ன என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்: லைவ் போன 7 நாளுக்குள் ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது), ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்), அல்லது டேட்டாபேஸில் கையால் திருத்தம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை கூலி தப்பாக வந்து, யாரோ ஒருவர் அப்டேட் குவெரி ஓட்டிச் சரிசெய்தால் அதுவும் உடைப்புதான். மாதத்துக்கு நான்கு டெப்ளாய் போடும் டீமில் ஒன்று உடைந்தால் 25 சதவீதம், அடுத்த மாதம் பூஜ்யம். அதனால் மூன்று மாதத்தைச் சேர்த்தே பாருங்கள்.

கோடு மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) பதிவிலிருந்து நேரம் எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்டுகளை ஒன்றாக்கி முதன்மைக் கோடில் சேர்ப்பது) செய்தால் பழைய கமிட்டுகள் எல்லாம் ஒன்றாகி, மெர்ஜ் ஆன நேரமே பதிவாகும். பத்து நாள் கிடந்த வேலையும் இரண்டு மணி நேரத்தில் லைவ் போனதுபோலத் தெரியும். புல் ரிக்வெஸ்ட்டின் (கோடைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) முதல் கமிட் நேரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். டோரா அறிக்கைகளின் உயர், நடுத்தர வகுப்புகளோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். அவை கேள்வித்தாள் பதில்களிலிருந்து வந்தவை. உங்கள் போன காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

சிஎம்எம்ஐ

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இன்ஸ்டிடியூட்டில் வாட்ஸ் ஹம்ஃப்ரி வகுத்த வழியில் 1991-ல் சிஎம்எம் (Capability Maturity Model) வந்தது. அதன் வாரிசு சிஎம்எம்ஐ; ஒரு நிறுவனத்தின் செய்முறை எவ்வளவு முதிர்ந்தது என்று மதிப்பிடும் முறை. ஐந்து நிலைகள் உண்டு, முழு மதிப்பீட்டின் முடிவு மூன்று ஆண்டுக்குச் செல்லுபடியாகும். அரசு டெண்டரில் லெவல் 3 கேட்கிறார்கள் என்றால் வேறு வழியில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். டெண்டர் நோக்கம் இல்லாத எட்டுப் பேர் டீமுக்கு, ஆவணம் தயாரிப்பதற்கே ஒரு ஆளின் நேரம் போய்விடும். அதிலிருந்து ரிவியூ, வெர்ஷன் கட்டுப்பாடு, தவறுகளின் மூலக் காரணம் தேடல் மூன்றையும் எடுத்துக்கொண்டால் போதும். எண்களைப் புள்ளியியல் முறையில் ஆள்வது நான்காம் நிலை வேலை. செய்முறையே வாரத்துக்கு வாரம் மாறும் இடத்தில் கண்ட்ரோல் சார்ட் (எண்கள் வழக்கமான எல்லைக்குள் இருக்கின்றனவா என்று காட்டும் வரைபடம்) வரைந்து பயனில்லை.

எந்த வரிசையில்

காட்பாடி டீமுக்கு நாங்கள் சொல்வது: முதல் மூன்று மாதம் சைக்கிள் டைமும் கையிருப்பு வரம்பும் மட்டும். நான்காவது மாதத்திலிருந்து உடைப்புச் சதவீதம் சேரட்டும். டோராவின் மற்ற மூன்றும் கிளவுடுக்கு மாறும்போது. ஸ்டோரி பாயின்ட் பழகிவிட்டது என்றால் டீமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள். 85 சதவீதப் புள்ளி ஒரு கட்டத்தில் குறையாமல் நின்றுவிட்டால் அளவு முறையை மாற்றாதீர்கள்; அந்தக் காலாண்டில் அதிக நாள் எடுத்த ஐந்து டிக்கெட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எங்கே, யாருடைய பதிலுக்காக, எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். ஐந்தில் மூன்று ஒரே இடத்தில் நின்றிருந்தால், அடுத்த காலாண்டில் திருத்த வேண்டியது அந்த ஒரு இடம்.